சித்தப்பா கைவிடப்பட்ட சாயங்காலம்

போன மாதம் என் சித்தப்பாவை போடியில் அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை. சிலமலையிலிருந்து போடி எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். பஸ்சில் ஏறி சீட்டுப் பிடித்து உட்கார்வதற்குள் இறங்க வேண்டியிருக்கும். முட்டுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நம் பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிற உங்களில் மூன்று பேர் போன் போட்டு, அப்பாவோடு கூடப்பிறந்தவர் இல்லையா, இப்படிச் செய்யலாமா என்று கேட்டீர்கள். ஒருத்தி மன்னிப்பைப் பற்றி நீளமாகப் பேசி குரல் பதிவே அனுப்பியிருந்தாள். முழுசாகக் கேட்டேன். நன்றாகத்தான் பேசியிருந்தாள்.

உங்களுக்கெல்லாம் பதில் சொல்லாமல் விட்டது தப்பு. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கோ சண்டை என்று செய்தி வந்தால் போதும், நம் குழுவில் யாராவது ஒரு வரைபடத்தைப் போட்டுவிடுகிறீர்கள். இரகசிய வருகை முன்னாலா, உபத்திரவம் முன்னாலா. ஆயிர வருஷ அரசாட்சி நிஜமாகவே ஆயிரம் வருஷமா, இல்லை அது ஓர் அடையாளமா என்று காலை காப்பி நேரத்தில் தொடங்கி மத்தியானம் வரைக்கும் வாதம் நடக்கிறது. நான் ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. கவனித்திருப்பீர்கள். அந்த வரைபடத்தை நான் பதினொரு வயசில் துணியில் பார்த்துவிட்டேன். அதனால் எங்கள் வீட்டுக்கு என்ன ஆனது என்பதையும் பார்த்துவிட்டேன்.

அப்போது நாங்கள் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே உபதேசியார்; குருவானவர் மலையேறி வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது அவர்தான். தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும்; மற்றவர்களெல்லாம் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து காய் எடுக்க ஏறி வந்தவர்கள். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், அதை ஒட்டி எங்களுக்கு ரெண்டு அறை வீடு. பின்னால் சரிவு. அந்தச் சரிவில் என் தம்பியைப் புதைத்திருந்தோம்.

முந்தின மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போனவன். நாலு மாசப் பிள்ளை. போடியிலிருந்து குருவானவர் வந்து ஞானஸ்நானம் கொடுத்துச் சரியாக மூணாவது வாரம். அம்மா அவனுக்கென்று மஞ்சள் கம்பளி நூலில் ஒரு குல்லா பின்னியிருந்தாள். அதை அவன் தலையிலிருந்து கழற்றச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டாள். குல்லாவோடுதான் போனான். மேட்டின் மேல் ஓடைக்கல்லாகப் பொறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் அம்மாவே அடுக்கினாள். ஒரு கல் நகர்ந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மறு வருஷம் புரட்டாசியில், காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயத்தில், சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. இருபத்தாறு வயசு இருக்கும். எங்கேயோ வடக்கே ஒரு வேதப்பள்ளியில் ரெண்டு வருஷம் படித்துவிட்டு, புதுப் பெண்டாட்டியோடும் ஒரு தகரக் குழாயோடும் ஜீப்பை விட்டு இறங்கினார். ஸ்டோரில் பச்சைக்காய் எடை போடும் வேலையை அப்பாதான் சொல்லி வாங்கிக் கொடுத்தார். ஸ்டோர் என்றால் காய் உலர்த்துகிற கட்டடம். உள்ளே விறகு எரித்து, சூடு குழாய் வழியாக ஓடி, தட்டு தட்டாகப் பரப்பிய காய் மெல்ல மெல்ல உலரும். அந்த வாசனை தலைமுடியில் ஏறினால் ரெண்டு குளியலுக்கும் போகாது.

தகரக் குழாய்க்குள் இருந்தது படச்சீலை. ரெண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்த நீளம். இடதுகோடியில் ஏதேன் தோட்டம், வலதுகோடியில் பொன் நிறத்தில் நித்தியம். நடுவே ஏழு பெரிய வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு யுகம், ஒவ்வொன்றிலும் கடவுள் மனுஷரோடு வேறு வேறு விதமாக நடந்துகொள்கிறார் என்பார் சித்தப்பா. நாம் ஆறாவது வட்டத்தின் கடைசி ஓரத்தில் நிற்கிறோமாம். அந்த ஓரத்திலிருந்து சின்னச் சின்ன வெள்ளை மனிதர்கள் மேகத்துக்குள் ஏறிப் போவார்கள், அதுதான் இரகசிய வருகை. அவர்களுக்குக் கீழே சிவப்புச் சாயத்தில் ஏழு வருஷ உபத்திரவம். சாயம் கெட்டியாகப் பூசியிருந்ததால் துணி அந்த இடத்தில் மட்டும் விறைப்பாக இருக்கும். யாரும் பார்க்காத நேரம் நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரமே அண்ணன் தம்பிக்குள் வாதம் தொடங்கிவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள்.

"பச்சப்பிள்ளை தலையில தண்ணியத் தெளிச்சு உடன்படிக்கைங்கற. அதுக்கு என்னண்ணே தெரியும்?" என்பார் சித்தப்பா.

"உன் தலையிலயும்தான் தெளிச்சாங்க. நான் பக்கத்துல நின்னேன். நீ கத்துன கத்துல குருவானவருக்கே செபம் மறந்துபோச்சு."

"வெளையாடாதண்ணே. ஆபிரகாமுக்குச் சொன்னது இஸ்ரவேலுக்கு. இஸ்ரவேல் வேற, சபை வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்புறதுதான் உங்க கோயில் செய்ற தப்பு."

அப்பா சன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவார். "அந்தா நிக்கிற ஏலத்தூரைப் பாரு. பழைய தட்டையும் அதுலதான் நிக்குது, புதுசா விட்ட குருத்தும் அதுலதான் நிக்குது. வேரு ஒண்ணுதானப்பா. கடவுளுக்கு ஒரே சனம், ஒரே உடன்படிக்கை. அவர் ஒரே தடவை வருவாரு, அன்னைக்கு எல்லாரும் ஒண்ணா எந்திரிப்போம்."

"ஏலத்தை வச்சு வேதத்தை அளக்காதண்ணே."

ரெண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். அப்பா அதை ஒரு பிரியமான சண்டையாகத்தான் நினைத்தார். கேட்பது தாங்கள் ரெண்டு பேர் மட்டும்தான் என்றும் நினைத்தார். அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அம்மா ஒரு நாள் திரும்பாமலே கேட்டாள்.

"உங்க அண்ணன் சொல்ற அந்த ஒரு நாள் எப்ப வரும், தம்பி?"

"அண்ணன் சொல்றபடி பாத்தா உலக முடிவுலதான், மதினி."

"நீங்க சொல்றது?"

"நாளைக்குக் காலையிலயே வரலாம். அதுக்கு முந்தி நடக்கவேண்டியது ஒண்ணும் பாக்கி இல்ல. எக்காளம் தொனிக்கும். கிறிஸ்துவுக்குள்ள செத்தவங்க முதல்ல எந்திரிப்பாங்க. அப்புறம் நாம."

"முதல்லயா?"

"முதல்ல, மதினி."

அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அது அடிப்பிடித்துப் போயிற்று. இப்போது யோசித்தால் எல்லாம் அந்த இடத்தில்தான் முடிவானது. அண்ணனும் தம்பியும் வேதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். அம்மா பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: யார் சொல்கிறபடி என் பிள்ளையை வெரசாகப் பார்க்கலாம்? ஒருத்தர் யுகமுடிவு என்றார், ஒருத்தர் நாளைக் காலை என்றார். அவள் நாளைக் காலையை எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு இது புரியவே இல்லை. அதற்கு அவர் ஒரு வசனம்கூடத் தேட வேண்டியதில்லை. அம்மாவோடு அந்தக் கல்மேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தால் போதும். போகவில்லை.

சித்தப்பா சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார். ஸ்டோர் வராந்தாவில் படச்சீலையைக் கட்டி, மூங்கில் குச்சியால் தட்டித் தட்டிச் சொல்வார். "ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போவ. அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருக்கும். சோறு கொதிச்சுக்கிட்டிருக்கும். அம்மான்னு கூப்பிடுவ. அம்மா இருக்கமாட்டா. ஊரே இருக்காது. நீ மட்டும் கைவிடப்பட்டு நிப்ப." குச்சி சிவப்புச் சாயத்தில் போய் நிற்கும். சின்னப் பிள்ளைகள் அழும். அழுகிற பிள்ளைகளைப் பார்த்து அவர் முகம் மலரும். ஆத்துமாக்கள் இளகுகின்றன என்பார்.

ஐப்பசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கதவு திறந்திருந்தது. அடுப்பு எரிந்தது. உலை பொங்கி வழிந்து, தீயில் விழுந்து சொய்யென்றது. அம்மா இல்லை.

கூப்பிட்டேன். வெளியே வந்து லயத்தைப் பார்த்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கிற அந்த நீள வீட்டு வரிசையில் ஓர் ஆள் இல்லை; எல்லோரும் மேல்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தினமும் அப்படித்தான். ஆனால் அன்றைக்குத் தெரியவில்லை. பனிமூட்டம் வேறு இறங்கிவிட்டது. அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு ஸ்டோரை நோக்கி ஓடினேன். கல்படியில் கால் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பாவாடை நனைந்துவிட்டது. அப்படியே அந்தப் படியில் கிடந்தேன். யாரும் வரவில்லை. நரகம் என்று நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்கு அந்தப் படிதான்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அம்மா வந்தாள். சித்தப்பா பக்கத்தில் வந்தார். வெள்ளைச் சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தாலும் அம்மா சிரித்துக்கொண்டு வந்தாள். என் தம்பி போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்த முதல் தடவை. ஓடையில் அவளை முழுக்கி ஞானஸ்நானம் கொடுத்துக் கூட்டிவந்திருந்தார் சித்தப்பா. அப்பாவுக்குத் தெரியாது.

கையை போடியில் கட்டுப் போட்டார்கள். கோணலாகத்தான் கூடியது. நீங்களெல்லாம் பார்த்திருக்கிறீர்கள், குழந்தையில் விழுந்தது என்றுதான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்பா அம்மாவைத் திட்டவில்லை. "சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தோடு முடிந்துபோகும் என்று அப்பா நினைத்தார். ரெண்டு வாரத்தில் போடியிலிருந்து குருவானவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பேர் போடாமல் ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்ததாம். உபதேசியார் மனைவி மறுஞானஸ்நானம் எடுத்தாள், உபதேசியார் தெரிந்தும் மறைக்கிறார் என்று. கமிட்டி கூடியது. குழந்தை ஞானஸ்நானத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே காப்பாற்ற முடியாதவர் சபைக்கு என்ன போதிப்பார் என்று கேட்டார்களாம். தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பு.

அப்பா அதைச் சொல்லிவிட்டு, கோயிலுக்குள் போய் பெஞ்சுகளையெல்லாம் துடைத்தார். துடைத்த பெஞ்சையே மறுபடியும் துடைத்தார். நான் கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்று பார்த்தேன். யார் எழுதியது என்று அப்போது தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் மூலம் அந்தத் துணி என்பது தெரியும். பழிவாங்க வேண்டும் என்ற வார்த்தை எனக்குள் முதல் தடவை வந்தது அந்த வாசற்படியில்தான்.

எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தாள். சித்தி. பத்தொன்பது வயசு, சிரித்தால் கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரிப்பாள். கல்யாணமான மறுநாளே அவள் காதிலிருந்த தோட்டைச் சித்தப்பா கழற்ற வைத்துவிட்டார். உலகத்தின் அலங்காரமாம். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதென்று ரெண்டு ஈர்க்குச்சியை ஒடித்துக் காதில் செருகியிருந்தாள். "இந்தக் குச்சியோட நீ நின்னா எக்காளம் உனக்குக் கேக்காது, கைவிடப்படுவ," என்று அவர் தினமும் சொல்வார். அவர் அந்தப் பக்கம் போனதும் சித்தி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

கார்த்திகைக் கடைசியில் முதலாளி வீட்டுக் கல்யாணம் போடியில் நடந்தது. சனிக்கிழமை தோட்டத்துக்கே லீவு. நாலு ஜீப்பு மாற்றி மாற்றி எல்லோரையும் கீழே இறக்கியது. மூணு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவோம் என்று, வேலையாட்களை மேற்பார்க்கிற கங்காணி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அப்பா கோயில் பதிவேடுகளைக் குருவானவரிடம் ஒப்படைக்கப் போனார். அம்மாவும் அதே ஜீப்பில் ஏறினாள். அவளும் போடிக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சித்தப்பா உலகத்தார் விருந்துக்கு வரமாட்டேன் என்று, பக்கத்துத் தோட்டத்தில் ஒரு செபக்கூட்டத்துக்கு விடிகாலையே போய்விட்டார்; மூணு மணி தாண்டித் திரும்புவேன் என்று சித்தியிடம் சொல்லியிருந்தார். சித்தி தலைவலி என்று படுத்துக்கொண்டாள். எனக்குக் கைவலி.

ஜீப்புக்காரர் கடைசி நடை போகும்போது, "மூணு மணியெல்லாம் சும்மா. வெளக்கு வைக்கிற நேரம் ஆயிரும் திரும்ப," என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சித்தியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு, "வா" என்றாள்.

கொடியில் காய்ந்த துணிகளையெல்லாம் எடுத்தோம். வீட்டுக்கு வீடு வாசலில் ஆள் நின்ற இடத்தில் உடுப்பு மட்டும் விழுந்து கிடப்பதுபோல் போட்டோம். சேலை, அதன்மேல் ரவிக்கை. வேட்டி, அதன்மேல் துண்டு. ஒரு சின்னச் சட்டை, பக்கத்தில் கோலிக்குண்டு. ஒரு முறத்தில் காயைப் பாதி பொறுக்கியபடி வைத்தோம். மூணு வீட்டில் அடுப்பு மூட்டி உலை வைத்தோம். சித்தி தன் வீட்டு அடுப்புக்கு முன்னால் கல்யாணச் சேலையைக் குவியலாகப் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள். காதிலிருந்த குச்சி ரெண்டையும் உருவி அதன்மேல் வைத்தாள்.

காலையில் ஆளெடுக்கக் கங்காணி ஊதுகிற பித்தளைக் கொம்பு ஸ்டோரில் ஆணியில் தொங்கும். மூணரை மணிக்குக் கீழே ரோட்டில் ஜீப்பு நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. பனி இறங்கியிருந்தது. கொம்பை ஒரு கையால் தூக்கி, படியில் வைத்து, மூச்சு முட்ட ஊதினேன். மூணு தடவை. பிறகு ஸ்டோர் பரணில் ஏறி சித்தியும் நானும் சட்டத்து இடுக்கில் கண்ணை வைத்தோம்.

பனிக்குள்ளிருந்து சித்தப்பா வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சேலை. அம்மா. அவள் போடிக்குப் போகவில்லை. மெட்டில் இறங்கி செபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். எழப் போனேன். சித்தி என் வாயைப் பொத்தினாள்.

சித்தப்பா முதல் வாசலில் நின்றார். ரெண்டாவது வாசலுக்குப் போனார். கங்காணி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் பாதியில் உடைந்தது. தன் வீட்டுக்குள் ஓடினார். பிறகு ஓர் ஊளை. அந்தச் சத்தத்தை வேறெப்படியும் சொல்ல முடியாது. சேலையை மார்போடு அள்ளிக்கொண்டு வெளியே வந்து ஈரத்தில் முழங்காலில் விழுந்தார்.

"அவளை எடுத்துட்டீரே! குச்சி போட்டவளை எடுத்துட்டு என்னை விட்டுட்டீரே!"

சித்தி என் தோளை நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. வாசல் வாசலாகக் கிடந்த உடுப்புகளை ஒரு தரம் பார்த்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயில் பக்கம் ஓடினாள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. பனி அவளை விழுங்கிவிட்டது.

திரும்பி வரும்போது நடந்து வந்தாள். கையெல்லாம் மண். சித்தப்பா முழங்காலாலேயே நகர்ந்து போய் அவள் காலடியில் விழுந்தார்.

"மதினி, நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டாரு மதினி. என் பாவம்தான். அண்ணன் மேல அந்த லெட்டரை எழுதுனது நான்தான். அந்த வேலைதான் அவரைக் கட்டிப் போட்டிருக்கு, வேலை போனா நம்ம பக்கம் வந்துருவாருன்னு நெனச்சேன். அவர் நன்மைக்குத்தான் எழுதுனேன். பொய்யும் சேத்து எழுதுனேன். தெரிஞ்சும் மறைக்கிறாருன்னு எழுதுனேன்."

அம்மா குனிந்து அவர் கையைத் தன் காலிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எந்திரிங்க தம்பி. கல்லு ஒண்ணுகூடக் கலையல. என் பிள்ளை அங்கனயேதான் இருக்கான். இன்னும் ஒருத்தரும் வரல."

சித்தப்பாவைவிட அவர் பாடத்தை அவள்தான் நன்றாகப் படித்திருந்தாள். செத்தவர்கள் முதலில் எழுந்திருக்க வேண்டும். குழி மூடிக் கிடந்தால் எக்காளம் பொய்.

நாங்கள் இறங்கி வந்தோம். சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சேலையைக் கீழே போட்டார். காட்டுப் பக்கம் நடந்து போனார். அம்மா என்னிடம் வந்து, கொம்பை ஊதினது நான்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடிப்பாள் என்று நின்றேன்.

"ஏறி வர்ற வழியில கேட்டுச்சு. உங்க சித்தப்பா பயந்து முன்னால ஓடுனாரு. நான் பயப்படல. வந்துட்டாரு, என் பிள்ளையப் பாக்கப்போறேன்னு அவ்வளவு சந்தோசமா ஏறி வந்தேன், ஆத்தா," என்றாள். அவ்வளவுதான். மண் கையோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பழி நான் குறிவைத்த இடத்தில்தான் விழுந்தது. ஆனால் அம்மா மேலும் விழுந்தது. அதற்காக என்னை நான் திட்டிக்கொள்ளவேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவை அந்த மேட்டில் ஓடவைத்ததும் அவர்தான் என்றே தோன்றியது. இன்னும் அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு போடியில் சித்தப்பாவின் சபையார் கூடுகிற ஓட்டுக் கட்டடத்துக்கு அம்மாவோடு போனேன். பெண்கள் அங்கே வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகள் மட்டும் பிரசங்கம் முடிந்ததும் கேள்வி கேட்கலாம். சித்தப்பா படச்சீலைக்கு முன்னால் நின்று வழக்கம்போல் குச்சியால் தட்டினார். எதுவுமே நடக்காததுபோல. நான் கையைத் தூக்கினேன். கோணல் கையை.

"அண்ணன் மேல பொய்யா மொட்டை லெட்டர் எழுதுனவங்களை இரகசிய வருகையில எடுத்துக்குவாங்களா?"

சித்தப்பா உதட்டை நனைத்துக்கொண்டார். "மனந்திரும்பி, அறிக்கை பண்ணிட்டா…" என்று தொடங்கினார்.

"நீங்க அறிக்கை பண்ணிட்டீங்களா, சித்தப்பா?"

முன் வரிசையில் இருந்த மூப்பர் எழுந்து நின்றார். "தம்பி, பாப்பா என்ன கேக்குது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் முன்னால் சொல்லி அழுதார். மூப்பர்கள் படச்சீலையை அவிழ்த்துச் சுருட்டிக் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரை எந்த மேடையிலும் ஏற்றவில்லை. சாகும்வரைக்கும் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலைதான் பார்த்தார். அன்றைக்கு மதியம் நான் மூணு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை.

"தெரியும்."

"எப்படிப்பா?"

"குருவானவர் லெட்டரைக் காமிச்சாரு. அவன் எழுத்து எனக்குத் தெரியாதா? சிலேட்டுல கையப் பிடிச்சு எழுதப் பழக்குனவனே நான்தான்."

"அப்ப ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா அவன் தலைகுனிஞ்சு நிக்கணும். நம்ம எங்க இருந்தாலும் பிழைச்சுக்குவோம் ஆத்தா."

தம்பி தலைகுனியக் கூடாது என்பதற்காக அப்பா எங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டார். பெரிய மனசு என்று நம் ஐக்கியத்தில் சாட்சி சொல்லலாம். எனக்கு அப்பா மேலும் கோபம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கமிட்டி மறுபடியும் யோசித்திருக்கும். அம்மாவும் அந்தச் செபக்கூட்டத்துக்குப் போயிருக்கமாட்டாள்.

தை பிறந்ததும் சாமானை ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டு சிலமலைக்குக் கிளம்பினோம். அம்மா காலையிலிருந்து கல்மேட்டில் இருந்தாள். அப்பா அன்றைக்குத்தான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகும் அம்மா புதுச் சபையை விடவில்லை, அப்பா பழைய கோயிலை விடவில்லை. சாகும்வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக வீட்டை விட்டுக் கிளம்பி, தெருமுனையில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போவார்கள்.

ஜீப்பு போடிமெட்டு செக்போஸ்ட்டில் நின்றபோது சித்தப்பா அங்கே காத்துக்கொண்டிருந்தார். சித்தியும் நின்றாள், காதில் தோடு இருந்தது. அப்பா இறங்கிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார். அம்மா, "நல்லா இருங்க தம்பி," என்றாள். அவர் என் பக்கம் வந்தார். ஜீப்புக் கம்பியைப் பிடித்திருந்த என் கோணல் கையைத் தொடப் பார்த்தார். இழுத்துக்கொண்டேன்.

மெலிந்திருந்தார். கண் குழிக்குள் போயிருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் கேட்டார்.

"ஆத்தா, அன்னையிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. எல்லாரும் மன்னிச்சுட்டோங்கிறாங்க, மனசு கேக்கல. நீ பச்சப்பிள்ளை, பொய் சொல்லமாட்ட. அந்த நாள்ல கர்த்தர் என்னைச் சேத்துக்குவாரா?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறந்து என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டாரு," என்றேன்.

ஜீப்பு கிளம்பிவிட்டது. முதல் வளைவில் திரும்பும்போது பார்த்தேன். நின்ற இடத்திலேயே நின்றார். நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்பது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. அதை மாற்றிச் சொல்ல எனக்கு ஏறக்குறைய அறுபது வருஷம் இருந்தது. போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சித்தி ரெண்டு தடவை போன் பண்ணி, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று கெஞ்சினாள். நான் சொல்லவில்லை.